இருந்தாலும்... – ஒரு நாவலும் ஒரு இன்ஜினீயரும்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் ஏற்றுமதி பற்றிப் பேசினார்கள், செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசினார்கள். நான் ஒரு நாவலைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஏம்ப்பா, மெக்கானிக்கல்காரன் வந்து கதை சொல்றியே?" என்று பின் வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. கதைதான் சார். ஆனால் அதில் ஒரு விசாரணை இருக்கிறது, அளவு இருக்கிறது, நிரூபணம் இருக்கிறது. எல்லாம் சரியாக வந்தும் முடிவு மட்டும் தப்பாகப் போகிறது. ஏன் என்று யோசிப்பது நம் தொழிலுக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்ற நாவல் அது. 1960-ல் வெளிவந்தது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. 1962-ல் கிரிகரி பெக் நடித்துப் படமாகவும் வந்து, அவருக்கு ஆஸ்கார் வாங்கிக் கொடுத்தது. உலகம் முழுவதும் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற புத்தகம். நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, "இங்கிலீஷ் வரணும்னா கதைப் புஸ்தகம் படிங்கடா" என்று எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் விரட்டியதால், நம் நூலகத்தில் எடுத்தேன். அட்டை கிழிந்து, பைண்டிங் செய்த பிரதி. இங்கிலீஷ் எவ்வளவு வந்தது என்பது வேறு விஷயம். புத்தகம் என்னோடு தங்கிவிட்டது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்று ஒரு கற்பனை ஊர். காலம் 1930களின் நடுப்பகுதி. பொருளாதார மந்தம். யாரிடமும் காசு இல்லை. வக்கீல் அட்டிகஸ் ஃபிஞ்ச், மனைவியை இழந்தவர். மகன் ஜெம், மகள் ஸ்கௌட். ஆறு வயது தொடங்கி ஒன்பதை நெருங்கும் வரை ஸ்கௌட் பார்த்ததுதான் கதை. வளர்ந்த பிறகு அவளே சொல்கிறாள். பக்கத்தில் ஒரு வீடு. அங்கே வெளியே தலைகாட்டாத ஒரு மனிதர், பூ ராட்லி. நம் ஊர்ப் பூச்சாண்டி மாதிரி பிள்ளைகள் அவரைப் பற்றிக் கட்டிவிடாத கதை இல்லை. ஆனால் மரப்பொந்தில் அவர்களுக்காகச் சூயிங்கம், சோப்பில் செதுக்கிய பொம்மைகள், பழைய கடிகாரம் என்று யாரோ வைத்துவிட்டுப் போகிறார்கள். யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த நிலையில் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது ஒரு வழக்கு. மயெல்லா யூவெல் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்து அடித்தார் என்று புகார். அட்டிகஸ் அவருக்காக வாதாட நியமிக்கப்படுகிறார்.

இனி நம் பகுதி. மாணவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். அந்தப் பெண்ணுக்கு அடிபட்டிருப்பது முகத்தின் வலது பக்கம். எதிரே நின்று அடித்தவன் பெரும்பாலும் இடது கையால்தான் அடித்திருக்க வேண்டும். அட்டிகஸ், பெண்ணின் தகப்பன் பாப் யூவெலிடம் ஒரு கவரைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். இடது கையால் போடுகிறான். பிறகு டாமை எழுந்து நிற்கச் சொல்கிறார். டாமின் இடது கை சூம்பிப்போனது. சிறுவனாக இருந்தபோது பருத்தி அரைக்கும் ஜின் மெஷினில் மாட்டிக்கொண்டது. சத்தியம் செய்ய பைபிள் மேல் வைத்தால்கூட நிற்காமல் நழுவி விழுகிற கை.

விசைக் கணக்கு போடுகிற நமக்கு இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. முதல் தடவை படிக்கும்போது, ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து, "முடிஞ்சுது, விட்டுடுவாங்க" என்று நினைத்தேன். ஜெம்மும் அப்படித்தான் நினைக்கிறான். ஜூரிகள் பல மணி நேரம் கழித்து, இரவு நெடுநேரத்தில் திரும்பி வந்து, குற்றவாளி என்கிறார்கள். ஜெம் அழுகிறான். மேல்முறையீடு செய்யலாம் என்று அட்டிகஸ் நம்பிக்கொண்டிருக்கும்போதே, சிறை வேலியேறித் தப்பிக்கப் பார்த்ததாகச் சொல்லி டாமைச் சுட்டுவிடுகிறார்கள். உடம்பில் 17 குண்டுகள். இரண்டு கையும் நன்றாக இருந்திருந்தால் ஒருவேளை ஏறித் தாண்டியிருப்பார் என்று ஒரு பேச்சு வருகிறது. நிரபராதி என்று காட்டிய அதே கைதான் அங்கே அவரைக் கைவிட்டது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போகாமல் படுத்துவிட்டேன்.

அப்போது எனக்குப் புரியாத கேள்வி இதுதான்: அந்தப் பன்னிரண்டு பேருக்கும் கண் தெரியாதா? கணக்கு புரியாதா?

புரிந்தது என்பதுதான் பதில். பல மணி நேரம் எடுத்துக்கொண்டார்களே, அதுவே அத்தாட்சி. கை சூம்பியிருக்கிறது, சரி. தகப்பன் இடது கைக்காரன், சரி. 'இருந்தாலும்...' என்று ஒரு சொல். அந்தச் சொல்லுக்குப் பிறகு எந்த நிரூபணமும் உள்ளே போகாது. விசாரணையில் இன்னொரு இடம் உண்டு. காசு வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் வேலை செய்து கொடுத்தாய் என்று அரசுத் தரப்பு வக்கீல் கேட்க, பாவமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறார். கோர்ட்டே முகம் சுளிக்கிறது. ஒரு கறுப்பர் வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்படுவதா? புகாரைவிட அந்தப் பரிதாபம்தான் அவர்களுக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. பாரபட்சம் என்பது அறியாமை இல்லை, நண்பர்களே. அறியாமை என்றால் பாடம் நடத்திச் சரி செய்துவிடலாம். இது, யார் யாருக்கு மேலே இருக்க வேண்டும் என்று முன்னமே போட்டு வைத்த ஏற்பாடு. அதற்கு எதிராக வரும் தகவல் சரியாக இருப்பதே அவர்களுக்கு எரிச்சல்.

இது கதைக்காரியின் கற்பனை மட்டுமல்ல. ஹார்ப்பர் லீயின் சொந்த ஊர் அலபாமாவில் உள்ள மன்ரோவில். அவர் அப்பாவும் வக்கீல். 1919-ல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கறுப்பினத்தவர்களுக்காக வாதாடினார். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். லீ, அலபாமா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, பாதியில் விட்டு, 1949-ல் நியூயார்க் போய், விமான நிறுவனத்தில் டிக்கெட் பதிவு செய்யும் வேலை பார்த்தார். 1956 கிறிஸ்துமஸுக்கு ஒரு நண்பர் குடும்பம் ஒரு வருஷத்துக்கான செலவுப் பணத்தைக் கொடுத்து "எழுது" என்றது. அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பிகள் இதை உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நண்பர்கள் மாதிரி நண்பர்களைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள்.

2019-ல் ஒரு கார் உதிரிப் பாகத் திட்டத்துக்காக ஆறு மாதம் அலபாமாவின் தலைநகர் மாண்ட்கமரியில் இருந்தேன். அங்கிருந்து மன்ரோவில் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு சனிக்கிழமை போனேன். லீ வளர்ந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் ஐஸ்கிரீம், பர்கர் விற்கும் ஒரு கடை. பழைய கோர்ட் கட்டடம் மியூசியமாகிவிட்டது. படத்தில் வரும் கோர்ட் அறை, ஹாலிவுட்டில் இதைப் பார்த்துப் போட்ட செட். நாவலில் கறுப்பினத்தவர்கள் உட்காரும் மாடத்தில் போய் உட்கார்ந்தேன். கீழே நடப்பது எல்லாம் தெரிகிறது, எதிலும் கைவைக்க முடியாது. அப்படி ஒரு இடம். 1990களின் தொடக்கத்திலிருந்து இந்த ஊரில் நாவலை நாடகமாகப் போட்டு வருகிறார்கள். பார்வையாளர்களிலிருந்தே ஜூரிகளைப் பொறுக்குவார்கள்.

இப்போது சொல்வதைத்தான் நான் கேட்டு அதிர்ந்தேன். இதே மன்ரோவிலில் 1986-ல் ஒரு இளம் பெண் கொலை செய்யப்பட்டார். வால்டர் மக்மிலியன் என்ற கறுப்பினத்தவரைக் கைது செய்தார்கள். கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில், மீன் வறுத்து விற்கும் நிகழ்ச்சியில் இருந்தார். பார்த்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல, பலர். எல்லோரும் கறுப்பினத்தவர்கள். 1988-ல் விசாரணை இரண்டு நாளுக்குள் முடிந்தது. பதினோரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் கொண்ட ஜூரி, குற்றவாளி என்று சொல்லி ஆயுள் தண்டனை பரிந்துரைத்தது. நீதிபதி அதை மாற்றி மரண தண்டனை விதித்தார். விசாரணைக்கு முன்பே அவரை மரண தண்டனைக் கைதிகள் பகுதியில் அடைத்து வைத்திருந்தார்கள் என்பது இன்னும் கொடுமை. பிரையன் ஸ்டீவன்சன் என்ற வக்கீல் வழக்கை எடுத்துப் போராடினார். முக்கிய சாட்சியே தான் சொன்னது பொய் என்றார். 1993-ல் மக்மிலியன் விடுதலையானார். ஆறு வருஷம் போனது போனதுதான். ஜூரி சொன்னதை நீதிபதி மாற்றி மரண தண்டனை கொடுக்கும் அதிகாரத்தை அலபாமா 2017-ல்தான் ரத்து செய்தது.

தங்கள் ஊர்க் கதை என்று அந்த நாவலைக் கொண்டாடிய ஊர். அதே ஊரில், அதே வருஷங்களில், இப்படி. நாவலில் ஒரு பள்ளி ஆசிரியை வருவார். ஜெர்மனியில் ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவது எவ்வளவு அநியாயம் என்று உருகி உருகிப் பாடம் நடத்துவார். அதே ஆசிரியை, டாம் வழக்கு முடிந்த அன்று கோர்ட் படியில் இறங்கும்போது, இவர்களுக்கு ஒரு பாடம் கற்பித்தது நல்லதுதான் என்கிற மாதிரி பேசியதை ஸ்கௌட் கேட்டிருக்கிறாள். எப்படி இரண்டும் ஒரே வாயில் வரும் என்று அந்தக் குழந்தைக்குப் புரியவில்லை. தூரத்து அநியாயத்துக்குக் கண்ணீர் விடுவது சுலபம். பக்கத்தில் நடப்பதற்குத்தான் 'இருந்தாலும்' வந்துவிடுகிறது.

என் தொழிலில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம். பிரஸ் ஷாப்பில் விலை உயர்ந்த ஒரு டை விரிசல் விட்டுவிட்டது. காலை ஷிப்டில் இருந்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி மேல் பழி. பீகார்க்காரர், இருபத்திரண்டு வயது இருக்கும். விசாரணைக் குழுவில் நானும் ஒருவன். பிரஸ்ஸின் லோடு பதிவை எடுத்துப் பார்த்தோம். விடியற்காலையிலேயே லோடு கோணலாகப் போயிருக்கிறது. அவர் ஷிப்ட் தொடங்கியது ஆறு மணிக்கு. கிராஃபை மேஜையில் வைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். ஒருவர் சொன்னார்: "கிராஃப் கரெக்ட்தான் சார். இருந்தாலும், இந்த வடக்கத்திப் பசங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

அந்தச் சொல்லை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது.

அவர் தப்பு செய்யவில்லை என்று ரிப்போர்ட்டில் தனிக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னோடு கையெழுத்துப் போட்டவர் ஒரே ஒருவர், ஷிப்ட் ஃபோர்மேன். அவர் கிராஃபைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தப் பையனை எனக்குத் தெரியும் சார். எட்டு மாசமா என்கூட டீ குடிக்கிறான். உடைச்சுட்டு மறைக்கிற ஆள் இல்ல" என்றார். பெரும்பான்மை முடிவுப்படி அந்தத் தொழிலாளியை கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அன்று இரவு வீட்டில் அந்த நாவலை மறுபடி எடுத்தேன். மாணவனாகப் படித்தபோது தாண்டிப் போன ஒரு இடம் இப்போது பிடிபட்டது. விசாரணைக்கு முந்தைய இரவு, டாமை அடித்துக் கொல்ல ஒரு கும்பல் சிறை வாசலுக்கு வருகிறது. அட்டிகஸ் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சட்டம் எதுவும் அவர்களிடம் எடுபடவில்லை. ஸ்கௌட் நடுவில் புகுந்து, கும்பலில் தெரிந்த முகமான கன்னிங்ஹாம் என்பவரிடம், உங்கள் பையன் என் வகுப்புதான், அவனைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று பேச ஆரம்பிக்கிறாள். அவர் அவள் உயரத்துக்குக் குனிந்து பதில் சொல்கிறார். கும்பல் கலைந்துவிடுகிறது. பிறகு ஜூரியில் தொடக்கத்தில் விடுதலை என்று பிடிவாதமாக நின்ற ஒருவர், அந்தக் கன்னிங்ஹாம் குடும்பத்து உறவுக்காரர்தான். வாதத்தைவிடப் பழக்கம்தான் ஒரு காதைத் திறந்தது.

அப்படியானால் கிராஃப் வேண்டாமா, டீ போதுமா? இல்லை. நான் யோசித்து வந்து நிற்கும் இடம் இது. ஃபோர்மேனுக்கு அந்தப் பையனைத் தெரிந்திருந்தது, சரி. யாருக்கும் தெரியாத ஒருவர் மாட்டிக்கொண்டால்? அவருக்காகத்தான் கிராஃப், சட்டம், கோர்ட் எல்லாம். தெரிந்தவனுக்கு மட்டும் நியாயம் என்றால் அது சிபாரிசு. ஆனால் கிராஃபைப் பார்க்கிற கண் திறந்திருக்க வேண்டுமென்றால், அந்த மேஜையைச் சுற்றி உட்காருகிறவர்களில் ஒருவருக்காவது எதிரே நிற்பவர் ஒரு மனிதராகத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் வேண்டும்.

ஆகவே மேஜையைச் சுற்றி யார் உட்காருகிறார்கள் என்பதே கேள்வி. மேகோம்ப் ஜூரியில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. பெண்களும் இல்லை. அலபாமாவில் பெண்கள் ஜூரியில் உட்காரச் சட்டம் இடம் கொடுத்ததே 1966-ல்தான், நாவல் வந்து ஆறு வருஷம் கழித்து. அந்த டை விவகாரத்துக்குப் பிறகு நானும் ஃபோர்மேனும் எழுதிக் கேட்டு ஒரு விதியை வாங்கினோம்: இனி எந்த விசாரணைக் குழுவிலும் அந்த ஷாப்பில் வேலை செய்கிற ஒருவர் இருக்க வேண்டும், கான்ட்ராக்ட் ஆனாலும் சரி. சின்ன விதிதான். இரண்டு பேருக்கு இதுவரை உதவியிருக்கிறது.

நாவலைத் தலையில் வைத்து ஆடுவதற்காக நான் இங்கே வரவில்லை. குறையும் உண்டு. டாம் ராபின்சனும் அவர் மனைவியும் என்ன நினைத்தார்கள் என்று நாம் அதிகம் கேட்பதே இல்லை. பேசுவதெல்லாம் வெள்ளைக்கார வீட்டுக் குழந்தை. சமையல் செய்யும் கல்பூர்னியா வருகிறாள், வீட்டில் ஒரு மாதிரியும் தன் சர்ச்சில் வேறு மாதிரியும் பேசுகிறாள். ஏன் என்று ஸ்கௌட் கேட்டால், அவரவர் இடத்தில் அவரவர் மாதிரி பேசாவிட்டால் பெருமையடிக்கிறாள் என்பார்கள் என்கிற பொருளில் பதில் சொல்கிறாள். கிராமத்திலிருந்து வந்து, ஹாஸ்டலில் ஒரு தமிழ், வைவாவில் ஒரு இங்கிலீஷ், ஊருக்குப் போனால் பழைய தமிழ் என்று நாக்கை மாற்றி மாற்றிப் போட்ட என் நண்பர்கள் பலர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாரம் தெரியும். கல்பூர்னியாவின் கதையை அவளே சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று. 2015-ல், லீ இறப்பதற்கு முந்தைய வருஷம், அவருடைய இன்னொரு நாவல் வெளிவந்தது. எழுதியது என்னவோ முதலில் இதைத்தான். அதில் ஸ்கௌட் இருபத்தாறு வயதுப் பெண். அவள் ஊருக்கு வந்து, அதே கோர்ட் மாடத்திலிருந்து பார்க்கிறாள்: கீழே, இனப் பிரிவினை வேண்டும் என்று பேசுகிறவர்களின் கூட்டத்தில் அப்பா அட்டிகஸ் உட்கார்ந்திருக்கிறார். உலகம் முழுக்க வாசகர்கள் மனமுடைந்து போனார்கள். பிள்ளைகளுக்கு அட்டிகஸ் என்று பெயர் வைத்தவர்கள் தவித்தார்கள். எனக்கு அது ஏமாற்றமாக இல்லை. கோர்ட்டில் ஒருவனுக்கு நியாயம் வேண்டும் என்பவரே, அவன் பக்கத்து வீட்டில் குடிவந்தால் 'இருந்தாலும்' சொல்லக்கூடும். நம் பெரியவர்களில் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறோம்! அவர்களிடம் கற்றதை வைத்துக்கொண்டே அவர்களோடு வாதாட வேண்டிய வயது எல்லோருக்கும் வரும். வளர்வது என்றால் அதுதான் என்று நினைக்கிறேன்.

மாண்ட்கமரியில் 2018-ல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். 1877 முதல் 1950 வரை கும்பல்கள் அடித்துக் கொன்ற 4,400க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர்களுக்காக. துருப்பிடித்த நிறத்தில் 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு கவுண்டிக்கு. உள்ளே நுழையும்போது கண் மட்டத்தில் நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை சரிந்து இறங்குகிறது. தூண்கள் அப்படியே நிற்க, நாம் கீழே போய்விடுகிறோம். கடைசியில் எல்லாம் தலைக்கு மேல் தொங்குகின்றன. அந்தச் சரிவையும் எஃகையும் ஒரு இன்ஜினீயர் கணக்குப் போட்டுத்தானே கட்டியிருப்பார் என்று நினைத்தபோது, நம் படிப்பின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. சில தூண்களில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அறியப்படாதவர்' என்று இருக்கிறது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் ஏதோ ஒரு மேஜையில் உட்காருவீர்கள். இன்டர்வியூ போர்டு, பர்சேஸ் கமிட்டி, ஆக்சிடென்ட் விசாரணை. எதிரே ஒருவர் நிற்பார். அவர் ஊர், சாதி, மொழி, மதம் எல்லாம் ஃபைலுக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். யாராவது 'இருந்தாலும்' என்று ஆரம்பித்தால், "இருந்தாலும், என்ன சார்? சொல்ல வந்ததை முழுசா சொல்லுங்க" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு அதற்கு மேல் சொல்ல வாய் வராது. தோற்பது நிச்சயம் என்று தெரிந்தும் அட்டிகஸ் அந்த வழக்கை நடத்தினாரே, அதற்கும் தமிழில் அதே சொல்தான்: தோற்போம், இருந்தாலும் செய்வோம். அந்த 'இருந்தாலும்' நம் பக்கம் இருக்கட்டும்.

நூலகர் ஐயாவிடம் விசாரித்தேன். அந்தப் பழைய பிரதி இன்னும் இருக்கிறதாம். ஒரே பிரதி என்பதால், எங்கள் செட் சார்பில் இன்று ஐந்து புதுப் பிரதிகள் கொடுத்திருக்கிறோம். எடுத்துப் படியுங்கள். படித்துவிட்டு என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் அடுத்த வருஷம் இதே கூட்டத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன்.